முட்டுச்சுவரில் முளைத்த கடை

மாதா சந்தின் கடைசியில் இருக்கும் முட்டுச்சுவரில் கடை முளைத்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை, குழாயில் தண்ணீர் வருகிற நேரம். அதனால் சந்தே அதைப் பார்த்தது, ஆனால் யாரும் நின்று பார்க்கவில்லை, நின்றால் குடம் வரிசையில் பின்னால் போய்விடும்.

நடந்தது இதுதான். மூன்றாவது வீட்டு தெரஸ் அக்காவின் மிக்ஸி முந்தின நாள் சட்னி அரைக்கும்போது புகைந்து நின்றுபோனது. கடைசி வீட்டு மருமகள் பவுலின் அதை வாங்கிப்போய், தரையில் பழைய போர்வையை விரித்து, கழற்றி, தேய்ந்துபோன கார்பன் பிரஷ் இரண்டையும் மாற்றி, ஓட்டிக் காட்டித் திருப்பிக் கொடுத்தாள். தெரஸ் அக்காவுக்கு சந்தின் இந்தக் கோடியில் பேசினால் அந்தக் கோடியில் தூங்குகிறவன் எழுந்து உட்காருகிற தொண்டை. குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே, "ஏண்டி பவுலின், பஜார்க்காரன் ஒரு வாரம் இழுப்பான், நீ டீ ஆறுறதுக்குள்ள முடிச்சிட்ட. பேசாம ஒரு கடை போடுடி" என்றாள். அவள் வாயை மூடுவதற்குள் முட்டுச்சுவரில் பூச்சு வெடித்து, உள்ளங்கை அகலத்துக்கு உதிர்ந்து, உதிர்ந்த இடத்தில் ஒரு கடை இருந்தது. தீப்பெட்டி அளவு. பாதி ஏற்றிய ஷட்டர், உள்ளே கடுகு அளவு பல்பு. பல்பு எரிந்துகொண்டிருந்தது.

"ஈரச் சுவரு, என்னதான் முளைக்காது" என்றார் பால்காரர். போன வருடம் அதே சுவரில் பப்பாளி முளைத்தது, அதற்கு முந்தின வருடம் அரசங்கன்று. கடை முளைத்ததில் அவருக்கு இருந்த ஒரே வருத்தம், சைக்கிளை இனி எங்கே சாத்துவது என்பதுதான்.

மாதா சந்தில் இருபத்தேழு வீடுகள். இருபத்தேழிலும் ஒரு மாதச் சம்பளக்காரராவது உண்டு, ரயில் பட்டறை, தபால், மின்வாரியம், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி என்று. அங்கே பிள்ளை பிறந்தால் ஞானஸ்நானம் முடிந்து கோயில் படி இறங்குவதற்குள் அது எந்தப் பரீட்சை எழுத வேண்டும் என்று தாய்மாமனும் சித்தப்பனும் பேசி முடித்துவிடுவார்கள். சந்தில் யாராவது கடை வைக்கிறேன் என்றால் சாவு வீட்டுக்குத் துட்டி கேட்க வந்தவர்கள் மாதிரி குரலை இறக்கி, "கடையா? ஏம்ப்பா, வேலை ஒண்ணும் அமையலையா?" என்பார்கள். முன்பு ஒரு பையன் ஜெராக்ஸ் கடை வைத்தான். இருபது நாள் ஆளாளுக்கு வந்து அவனுக்காக வருத்தப்பட்டதில், அவனுக்கே தன்மேல் வருத்தம் வந்து, மெஷினை விற்றுவிட்டுப் பரீட்சை எழுதி, இப்போது விழுப்புரத்தில் குமாஸ்தாவாக இருக்கிறான். சந்து அவனை உதாரணம் காட்டும்.

பவுலின் அந்தச் சந்துக்கு மருமகளாக வந்தவள். பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரிகல், கடைசி வருடத்துக்கு முன்னாலேயே கல்யாணம். அதற்கு முன் கான்வென்ட்டில் பதினோரு வருடம், சிஸ்டர் வந்தால் எழுந்து நிற்கவும், சிஸ்டர் போனபின் சத்தமில்லாமல் உட்காரவும் பழகியவள். கணவன் இன்னாசி ஆஸ்பத்திரி லேபில் அட்டெண்டர். பிள்ளை ரெனி, இரண்டரை வயது. வீடு கணவனின் அண்ணன் மரியசூசை பேரில். அவளுக்குப் பயம் இல்லாத விஷயம் உலகத்தில் ஏதாவது இருந்தால் அதை அவள் இன்னும் சந்திக்கவில்லை: ரெனி அழுதால் பயம், அழாமல் ரொம்ப நேரம் இருந்தால் அதைவிடப் பயம், கேஸ் டியூப் பயம், மொட்டைமாடிக் கைப்பிடிச்சுவர் பயம், காய்ச்சல் பயம், மாடிப்படியில் இறங்குகிற மரியசூசையின் செருப்புச் சத்தம் பயம். ஒரே ஒரு நேரம் அந்தப் பயமெல்லாம் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வெளியிலேயே நின்றுவிடும், அது மோட்டாரின் மூடியைக் கழற்றி உள்ளே பார்க்கிற நேரம்.

அதனால் அவளுக்கு அந்தத் தீப்பெட்டிக் கடை வேண்டியிருந்தது. ஆசையாக அல்ல, மூச்சு மாதிரி. ரெனியும் தானும் உள்ளே உட்காரும் அளவுக்கு அது வளர்ந்துவிட்டால் போதும் என்று முதல் நாளே மனசுக்குள் அளவு எடுத்துவிட்டாள்.

கடையும் வளரத்தான் செய்தது. ஆனால் அது தண்ணீரிலோ வெயிலிலோ வளரவில்லை என்பது ஒரு வாரத்தில் எல்லோருக்கும் தெரிந்துபோனது. மரியசூசை வேலைக்குக் கிளம்பும்போது சுவரைப் பார்த்து, "ஏன், இன்னாசிக்கு வர்ற சம்பளம் பத்தலையாமா?" என்றார். கடை சுருங்கி அஞ்சல்தலை அளவுக்கு வந்தது. அதே காலை தெரஸ் அக்கா, "அவ கை பட்டா செத்த மிக்ஸியும் எந்திரிச்சு நிக்கும்" என்று கத்தினாள், கடை செங்கல் அளவுக்குப் போனது. சந்து இதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வாயால் கெட்டவர்களும் வாயால் பிழைத்தவர்களும் எல்லா வீட்டிலும் இருந்தார்கள், இப்போது சுவரிலும் ஒன்று. மாநகராட்சி ஆள் அளவெடுக்க வந்து, டேப்பை வைத்து ஒரு முறை அளந்தார், அதற்குள் யாரோ எதையோ சொல்ல வேறு அளவு வந்தது, மறுபடி அளந்தார், வேறு அளவு வந்தது. கடைசியில், "எல்லாரும் அஞ்சு நிமிஷம் வாயை மூடிட்டு இருங்க" என்றார். மாதா சந்தில் அது நடக்கிற காரியமா? பென்சிலால் எழுதிக்கொண்டு போய்விட்டார்.

பவுலின் தன் பிள்ளையை வைத்துக் கடையை அளந்தாள். இன்று ரெனியின் முழங்கால் வரை. இன்று இடுப்பு. இன்று மறுபடி கணுக்கால். திட்டும் கேலியும் கடையைச் சுருக்கும், ஆனால் மறுநாளே மீண்டுவிடும் என்று கண்டுகொண்டாள். மீளாமல் போட்டு அழுத்தியது ஒன்றுதான். ஆஸ்பத்திரி நண்பர்கள் வந்தபோது இன்னாசி சுவரைக் காட்டி, சிரித்துக்கொண்டு, உண்மையான பாசத்தோடு, "அவளுக்கும் பொழுது போகணும்ல, சும்மா ஆசைக்குச் செய்யறா" என்றான். கடையின் கூரை தடாலென்று இறங்கிப் பல்பின்மேல் உட்கார்ந்தது. மூன்று வாரம் ஏறவே இல்லை.

"என்னங்க, அப்படிச் சொல்லாதீங்க" என்றாள் பவுலின்.

"நான் என்னடி தப்பாச் சொல்லிட்டேன்? நல்லதாத்தானே சொன்னேன்?"

கூரை இன்னும் அரை அங்குலம் இறங்கியது.

அந்த நாட்களில்தான் அன்பியம் குறுக்கே வந்தது. அன்பியம் என்றால் சந்தின் வீட்டுக்காரர்கள் எல்லோரும் வாரம் ஒரு வீட்டில் கூடிச் செபிக்கிற கூட்டம். மரியசூசைதான் அதற்குத் தலைவர். எட்டாவது வீட்டு ஸ்தெல்லா டீச்சர், ரிட்டயர் ஆனபின்னும் கையில் சாக்பீஸ் வாசம் போகாதவள், பெண்களைத் தனியாகக் கூட்டி, "சொல்லுலதான் அது வளருதுன்னா, எல்லாரும் சேர்ந்து ஒரே நேரத்துல சொன்னா என்ன?" என்று கேட்டாள். கோயிலில் பாடும் மன்றாட்டு மாலை மாதிரியே கடைக்காக நாற்பது வரி எழுதிக்கொண்டு வந்தாள். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பெண்கள் எல்லோரும் முட்டுச்சுவருக்கு முன் பாய் விரித்து உட்கார்ந்து, டீச்சர் ஒவ்வொரு வரியாகச் சொல்ல, பின்பாட்டுப் பாடினார்கள்.

"எங்கள் சந்தின் பெருமையே."

"நல்லா வளரணும்."

"பெண்குலத்தின் விளக்கே."

"நல்லா வளரணும்."

"சிங்கப்பூரிலும் இல்லாத கடையே."

"டீச்சர், அது எதுக்கு?" என்றாள் தெரஸ் அக்கா.

"எதுகைக்கு. சொல்லுடி."

"நல்லா வளரணும்."

வளர்ந்தது. பெண்கள் கண்ணெதிரே கூரை மேலே போனது, முட்டுச்சுவரைத் தாண்டியது, மாடிகளைத் தாண்டியது, கோயில் மணிக்கூண்டுக்கு இரண்டு முழம் கீழே போய் நின்றது. உயரம் அறுபதடி. அகலம் ஒரு சாண்.

சந்துக்குப் பெருமை தாங்கவில்லை. பக்கத்துத் தெருக்காரர்கள் குடும்பத்தோடு வந்து அண்ணாந்து பார்த்துவிட்டு, கழுத்தைப் பிடித்துக்கொண்டு திரும்பினார்கள். யாரோ அடியில் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். யாரோ பிள்ளை வரத்துக்கு நூல் கட்டினார்கள். இரண்டு புறாக் குடும்பம் உச்சியில் குடியேறியது. பவுலினால் அந்தக் கடைக்குள் ஒரு தோளைக்கூட நுழைக்க முடியவில்லை. மெழுகுவர்த்தியை அணைத்துக் கொண்டே, "அக்கா, இது மாதா கெபி இல்ல, கடை. மிக்ஸி கொண்டுவாங்க" என்று ஒவ்வொருத்தியிடமும் சொன்னாள். எல்லோரும் அவள் கன்னத்தைத் தடவினார்கள். "கொண்டுவரேன்டா செல்லம்" என்றார்கள். மறுநாள் காலை ஸ்தெல்லா டீச்சர் தன் மிக்ஸியைக் கட்டைப்பையில் போட்டு, மேலே ஒரு துண்டை மூடி, ஒன்றரைக் கிலோமீட்டர் சுற்றிக்கொண்டு பஜாருக்குப் போவதை பவுலின் ஜன்னல் வழியாகப் பார்த்தாள்.

ஓடிப்போய்க் கேட்டாள். டீச்சருக்கு முகம் சிவந்துவிட்டது. "உன்மேல நம்பிக்கை இல்லாம இல்லம்மா. என்ன இருந்தாலும் ஆம்பளை கடை, போர்டு வெச்சிருக்கான். அப்புறம் உன் மாமா மரியசூசை பிரதர் வேற என்ன நினைப்பாரோன்னு..."

பவுலினுக்கு அப்போதுதான் கணக்கு விளங்கியது. பாராட்டினால் கடை உயரும். வேலை கொண்டுவந்தால்தான் அகலும். இந்தச் சந்தில் பாராட்டுக்குப் பஞ்சமே இல்லை.

அவளுக்குக் கோபம் வந்தது. கல்யாணமாகி நான்கு வருடத்தில் அவளுக்கு வந்த முதல் கோபம். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் இரண்டு நாள் கையில் வைத்துக்கொண்டு திரிந்தாள்.

அந்த வாரம் அன்பியக் கூட்டம் டீச்சர் வீட்டில். பாட்டு முடிந்து, வாசகம் முடிந்து, மன்றாட்டு நேரம் வந்தது. அந்த நேரத்தில் விருப்பப்பட்டவர்கள் தங்கள் வேண்டுதலைச் சொல்லி, 'உம்மை மன்றாடுகிறோம்' என்று முடிப்பார்கள், உடனே மொத்தக் கூட்டமும், "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று பதில் சொல்லும். பிள்ளைப்பிராயம் முதல் சொல்லிச் சொல்லி அது நாக்கில் ஊறியது, காது கேட்பதற்கு முன் வாய் சொல்லிவிடும். ஒருத்தர் முழங்கால் வலிக்காக மன்றாடினார். மரியசூசை தன் மூத்த மகள் மெர்சிக்கு நல்ல வரன் அமைய மன்றாடினார். ரெனியை மடியில் வைத்திருந்த பவுலின் எழுந்து நின்றாள். பிள்ளையின் தலைக்கு மேலாகச் சுவரில் இருந்த படத்தைப் பார்த்துக்கொண்டு, கான்வென்ட் அசெம்ப்ளியில் வாசிக்கிற அதே குரலில், நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"அன்பின் இறைவா, எங்கள் சந்தில் புகைந்துபோன, சுற்றாத, சத்தம் போடுகிற மிக்ஸிகள் எல்லாம் இனி பஜாருக்குப் போகாமல் கடைசி வீட்டு பவுலினிடமே வந்துசேர வேண்டும் என்று உம்மை மன்றாடுகிறோம்."

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றது கூட்டம். எல்லோரையும் விட மரியசூசையின் குரல் பெரிது, அவர்தான் எப்போதும் முதலில் எடுத்துக்கொடுப்பவர்.

அதற்குப் பிறகுதான் எல்லோருக்கும் தாங்கள் சொன்னது காதில் விழுந்தது. தெரஸ் அக்கா முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டு குலுங்கினாள்.

"இது என்ன மன்றாட்டு?" என்றார் மரியசூசை.

"சொன்னது சொன்னதுதான் பிரதர்" என்றாள் ஸ்தெல்லா டீச்சர், குற்ற உணர்ச்சி அவளுக்குத் தைரியம் கொடுத்திருந்தது. "பள்ளிக்கூடத்துல தப்பா டிக் போட்டா அழிச்சுக்கலாம். செபத்துல சொன்னதை எப்படி அழிக்கிறது?"

மறுநாள் காலை பதினொரு மிக்ஸி வந்தது. பரணில் இருந்தவை, கட்டிலுக்கு அடியில் இருந்தவை, கல்யாணச் சீராக வந்து ஒரே வருடத்தில் செத்தவை. சத்தியமாக எல்லாமே கெட்டுப்போனவைதான் என்று சொல்ல முடியாது, தெரஸ் அக்கா நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒன்றின் ஒயரைத் தானே பிடுங்கிக்கொண்டு வந்திருந்தாள். ஒவ்வொன்றும் வாசலில் வைக்கப்படும்போது கடை பக்கவாட்டில் ஒரு முழம் நகர்ந்தது. அறுபதடி உயரம், மேல்தொட்டித் தண்ணீர் குழாயில் இறங்குவது மாதிரி கீழே இறங்கி அகலத்தில் நிரம்பியது. புறாக்கள் ஒவ்வொரு மாடியாக நின்று நின்று கீழே வந்தன. மத்தியானத்துக்குள் அது ஒரு சரியான கடையாக இருந்தது. ஆள் நிமிர்ந்து நிற்கலாம். பிள்ளையைத் தூங்கவைக்க ஒரு மூலை. பவுலின் உள்ளே போய், சுவரில் முதுகைச் சாய்த்து, முதல் மிக்ஸியின் அடியைத் திருப்பினாள். பயம் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றது.

மூன்றாம் நாள் மரியசூசை ஷட்டருக்கு முன் வந்து நின்றார். கெட்ட மனிதர் இல்லை. தம்பிக்கு வேலை வாங்கிக் கொடுக்க ஆறு வருடம் அலைந்தவர்.

"ஏம்மா பவுலின், ஞாயித்துக்கிழமை மெர்சியைப் பொண்ணு பார்க்க வர்றாங்க. மாப்பிள்ளை பேங்க்ல. அப்பா அம்மா ரெண்டு பேரும் டீச்சர். வர்ற நேரம் என் தம்பி பொண்டாட்டி தரையில உக்காந்து மோட்டாரைக் கழட்டிட்டிருந்தா அவங்க என்ன நினைப்பாங்க?"

"மோட்டாரைக் கழட்டறான்னு நினைப்பாங்க மாமா."

சொன்ன பிறகுதான் தன் வாயிலிருந்து வந்தது அது என்று அவளுக்குத் தெரிந்தது. மரியசூசை அவளைப் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"சனிக்கிழமை இதைச் செங்கல் வெச்சு அடைக்கப் போறேன். பொருளை எல்லாம் எடுத்துடு."

அன்று இன்னாசியிடம், "நீங்க சொல்லுங்க அவர்கிட்ட" என்றாள். இன்னாசி சோற்றைப் பிசைந்துகொண்டே, "அவர் நமக்கு எவ்வளவு செஞ்சிருக்காரு. வேணும்னா அப்புறமா உடைச்சுக்கலாம் பவுலு. ஆசைக்குச் செய்யறதுதானே" என்றான். வெளியே கூரை இறங்கும் சத்தம் இருவருக்கும் கேட்டது. அவன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குச் செங்கல் வந்தது. மரியசூசை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானே கரண்டியைப் பிடித்தார். இன்னாசி தலையைக் குனிந்துகொண்டு சிமெண்ட் குழைத்தான். பவுலின் ரெனியைத் தூக்கித் தெரஸ் அக்காவின் இடுப்பில் வைத்தாள். பிள்ளை தெரஸ் அக்காவின் தாலிச்செயினைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டது. பவுலின் திரும்பிக் கடைக்குள் போய், பதினொரு மிக்ஸிக்கு நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"வெளிய வா" என்றார் மரியசூசை.

"வேலை முடியல மாமா. நீங்க உங்க வேலையைப் பாருங்க."

"உள்ள வெச்சு அடைச்சிடுவேன்."

"அடைங்க."

அவள் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து ஒரு மோட்டாரைக் கழற்றி, உள்ளே சுழலும் ஆர்மேச்சரை மடியில் வைத்துக்கொண்டாள். ஒரு வரிசை வைத்தால் எழுந்து வந்துவிடுவாள் என்று மரியசூசை வைத்தார். வரவில்லை. இரண்டாவது வைத்தால் வருவாள் என்று வைத்தார். சந்தே பார்த்துக்கொண்டிருக்கும்போது பாதியில் நிறுத்துவது எப்படி என்று அவருக்கும் தெரியவில்லை, அதனால் வரிசைமேல் வரிசையாக வைத்துக்கொண்டே போனார். வேடிக்கை பார்த்த சந்து சும்மா பார்க்கவில்லை, பேசியது. "பெரியவங்க சொன்னா கேட்கணும்." "புருஷன் முகத்துக்காகவாவது வரலாம்ல." "பச்சைப்பிள்ளையை வெச்சுக்கிட்டு இது தேவையா." "படிச்ச திமிரு." ஒவ்வொரு பேச்சுக்கும் கடை ஒரு விரல் ஒடுங்கியது. பக்கச்சுவர்கள் அவள் முழங்காலைத் தொட்டன, பிறகு தோளைத் தொட்டன, கூரை தலைமுடியைத் தொட்டது. கடைசிச் செங்கல் வைக்கப்படும் முன், அந்த ஓட்டை வழியாக ரெனியின் குரல் கேட்டது: "அம்மா உள்ள." பிறகு ஓட்டை மூடியது.

கடுகு பல்பு மட்டும் எரிந்தது. வெளியே போய்விடலாம், கத்தினால் போதும், இன்னாசியே இடித்துவிடுவான் என்று அவளுக்குத் தெரியும். கத்தவில்லை. முழங்காலைக் கட்டிக்கொண்டு, மடியில் இருந்த ஆர்மேச்சரை விரலால் சுற்றிப் பார்த்தாள். சிக்குகிற இடத்தைத் தேடினாள்.

கடைக்கும் அதே நிலைமைதான். முன்னால் செங்கல், இரண்டு பக்கமும் பேச்சு, மேலே பேச்சு. பேச்சு இல்லாத திசை ஒன்றுதான் இருந்தது, பின்பக்கம். அவளுடைய முதுகு சாய்ந்திருந்த சுவர் மெல்லப் பின்வாங்கியது. அவள் நகர்ந்து சாய்ந்தாள், மறுபடி பின்வாங்கியது. அப்படியே அவள் பின்னால் நகர, சுவரும் நகர, பதினொரு மிக்ஸியையும் அவள் ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டு போக, முட்டுச்சுவரின் மொத்தக் கனத்தையும், அதன் பின்னால் யாருடையது என்றே தெரியாமல் பூட்டிக்கிடந்த சரக்குக் கிட்டங்கியையும் தாண்டி, கடை இன்னொரு ஷட்டரை ஏற்றிக்கொண்டு பஜாருக்குள் திறந்தது.

வெயில் கண்ணைக் குத்தியது. பஸ் ஹாரன். எதிரே ஜூஸ் கடை ஜமால் பாய், பாதி ஆரஞ்சோடு நின்றுபோன மிக்ஸியைத் தட்டிக்கொண்டிருந்தவர், நிமிர்ந்து அவளைப் பார்த்தார். முந்தின நிமிடம் வரை அங்கே வெறும் சுவர் என்பது அவருக்கும் தெரியும். ஆனால் வாசலில் ஆறு பேர் ஜூஸுக்கு நின்றார்கள்.

"தங்கச்சி, மோட்டார் பார்ப்பீங்களா? எப்ப கிடைக்கும்?"

யார் வீட்டு மருமகள், புருஷன் எங்கே வேலை, ஏன் இந்த வேலை, ஒன்றும் கேட்கவில்லை. எப்ப கிடைக்கும் என்று கேட்டார்.

"பதினஞ்சு நிமிஷம் பாய்."

கடை பஜார் பக்கம் ஒரே வீச்சில் இரண்டு ஆள் அகலத்துக்கு விரிந்தது. பதினைந்து நிமிடத்தில் மிக்ஸி ஓடியது. அதற்குள் டீக்கடைக்காரன் ஒன்றைக் கொண்டுவந்தான், ஹோட்டல்காரர் மாவரைக்கிற கிரைண்டரைத் தள்ளிக்கொண்டு வந்தார். இரண்டு மணி நேரத்தில் கூரை அவள் தலைக்கு மேல் கை எட்டாத உயரத்தில் இருந்தது.

"அந்தப் பக்கம் அடைச்சா கிடக்கட்டும் தங்கச்சி" என்றார் ஜமால் பாய், விஷயத்தைக் கேட்டுவிட்டு. "இங்க உங்களை எவன் என்ன சொல்லப்போறான். நிம்மதியா இருங்க."

அவர் சொன்னது உண்மை. பவுலின் ஒரு நிமிடம் அந்த நிம்மதியைப் பார்த்தாள். பிறகு திரும்பி, கடையின் நீளம் முழுக்க இருட்டுக்குள் பார்த்தாள். அந்தக் கோடியில் செங்கல். செங்கலுக்கு அந்தப் பக்கம் ரெனி. பதினொரு மிக்ஸிக்காரிகள். இந்தப் பக்கம் சுற்றிப்போய் வீட்டு வாசலில் நுழையலாம், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரலாம், தினமும் யாருக்கும் தெரியாமல் அப்படிப் போய்வரலாம். ஸ்தெல்லா டீச்சர் கட்டைப்பையின்மேல் துண்டு மூடிக்கொண்டு போன மாதிரி.

ஹோட்டல்காரரின் கிரைண்டரோடு வந்த இரும்புக் கம்பியை எடுத்துக்கொண்டு போனாள். கம்பியே தேவைப்படவில்லை, சிமெண்ட் காயவில்லை. இரண்டு உள்ளங்கையையும் வைத்துத் தள்ளினாள். மேல்வரிசை பொத்தென்று அந்தப் பக்கம் விழுந்தது. ஓட்டையில் முதலில் தெரிந்தது கரண்டியைக் கழுவிக்கொண்டிருந்த மரியசூசை.

"மாமா, கலவையில மணல் ஜாஸ்தி" என்றாள் பவுலின்.

இன்னாசிதான் மீதியை இடித்தான். யாரும் சொல்லவில்லை. குழைத்த கையாலேயே செங்கல்லை ஒவ்வொன்றாக எடுத்து ஓரமாக அடுக்கினான். கடைசிக் கல்லை எடுத்தபோது சந்துக்குள் பஜாரின் வெளிச்சம் நீளமாக வந்து விழுந்தது, அதோடு பஸ் சத்தம், ஆரஞ்சு வாசம். மாதா சந்தில் பிறந்து வளர்ந்தவர்கள் அத்தனை பேரும் பஸ் ஏற ஒன்றரைக் கிலோமீட்டர் சுற்றியவர்கள். தெரஸ் அக்கா ரெனியை இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே நுழைந்து, மிக்ஸிகளைத் தாண்டி, அந்தப் பக்கம் இறங்கி, பஸ் ஸ்டாப்பைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தாள். "எண்ணி எழுபது அடிடி!" என்று கத்தினாள்.

சாயங்காலத்துக்குள் சந்துக்கு அது பழகிவிட்டது. பால்காரர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அந்த வழியாகப் போனார். கடைக்குள் வலதுபக்கமாகப் போய் இடதுபக்கமாக வர வேண்டும் என்று ஸ்தெல்லா டீச்சர் சாக்பீஸால் கோடு போட்டாள். போகிறவர்கள் வெறுங்கையோடு போவதற்குக் கூச்சப்பட்டு, ஒரு ஜாராவது, ஒரு பழைய ஸ்விட்சாவது கொண்டுவந்தார்கள். மரியசூசை மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தார். இன்னாசி ஒரு வாளித் தண்ணீரில் கையைக் கழுவிவிட்டு, பவுலின் பக்கத்தில் உட்கார்ந்து, "இதுக்கு எந்த ஸ்க்ரூ?" என்று கேட்டான். கூரையைப் பார்த்துப் பார்த்துத்தான் பேசினான்.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டாரைக் கோயில் தெரு வழியாகச் சுற்றி வரச்சொல்லி மரியசூசை போன் செய்திருந்தார். ஆனால் ஆட்டோக்காரன் பஜாரிலேயே இறக்கிவிட்டான். "மாதா சந்தா? அந்தா, மிக்ஸி கடை வழியா நேரா போங்க" என்று ஜமால் பாய் கையைக் காட்டினார்.

பவுலின் தரையில் உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். ரெனி மூலையில் தூங்கியது. பட்டுச் சேலையும் பெரிய கொண்டையுமாக மாப்பிள்ளையின் அம்மா முன்னால் வந்தார், பின்னால் அப்பா, அவருக்குப் பின்னால் பேங்க் மாப்பிள்ளை. அந்தக் கோடியில் மரியசூசை கைகூப்பியபடி வெளிறிப்போய் நின்றார். சந்து முழுக்க அவருக்குப் பின்னால் நின்றது.

"நீங்க யாரு?" என்றார் அந்த அம்மா.

"பொண்ணுக்குச் சித்தி. மிக்ஸி மெக்கானிக்."

அந்த அம்மா போர்வையையும், ஒயர்களையும், கருத்துப்போன விரல்களையும் பார்த்தார். "குடும்பப் பொம்பளைங்க இப்படி நடுரோட்டுல கடை விரிச்சு உக்காந்தா, பிள்ளைங்க எப்படி உருப்படும்?" என்றார்.

கூரை கடகடவென்று இறங்கியது. இன்னாசி எழுந்து இரண்டு கையாலும் தாங்கப் போனான். பவுலின் அவன் வேட்டியைப் பிடித்து உட்காரவைத்தாள். கூரை உள்ளே இடுப்பளவுக்குத் தாழ்ந்து, வாசலில் அந்த அம்மாவின் கொண்டைக்கு ஒரு விரல் மேலே வந்து நின்றது. மெர்சியின் கல்யாணம், இருக்கிற வீடு, மாமாவின் முகம், எல்லாம் அந்த ஒரு விரல் இடைவெளியில் நிற்பது தெரிந்தது. தான் ஒரு மன்னிப்புக் கேட்டால் அந்த அம்மா சமாதானமாகப் பேசுவார், கூரை ஏறிவிடும் என்பதும் பவுலினுக்குத் தெரிந்தது.

"குனிஞ்சு வாங்கம்மா" என்றாள். "நீங்க பேசினதுக்குத்தான் அது இறங்குச்சு. நான் ஏத்த மாட்டேன்."

பின்னால் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அந்த அம்மா அண்ணாந்து பார்த்தார், திரும்பிப் பார்த்தார், பிறகு பட்டுக் கொசுவத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, கொண்டை இடிக்காமல், இடுப்பு வரை குனிந்தார். குனிந்தபடியே மிக்ஸிகளுக்கு நடுவில் ஒவ்வொரு காலாக எடுத்துவைத்து நடந்தார். அவருக்குப் பின்னால் அப்பாவும், அவருக்குப் பின்னால் பேங்க் மாப்பிள்ளையும் அதே மாதிரி குனிந்து போனார்கள்.

பவுலின் முதுகை நேராக்கி உட்கார்ந்துகொண்டு, அடுத்த மிக்ஸியைத் தன் பக்கம் இழுத்தாள்.